நொத்தாரிசு காரின் முன் சீல்

நான் சந்தேகக்காரன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. காணி உறுதியும் மரணசாசனமும் எழுதிச் சீல் வைக்கும் நொத்தாரிசு வேலை பார்ப்பவன் சந்தேகப்படாமல் இருந்தால் இரண்டு வருடத்தில் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ண வேண்டியதுதான். தம்பி அண்ணனாக வந்து பெருவிரல் வைப்பான். செத்துப்போன மனிசி எழுந்து வந்து காணியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவாள். இவையெல்லாம் என் மேசைக்கு முன்னாலேயே நடக்கப் பார்த்த சங்கதிகள். ஆனபடியால் என் கந்தோருக்குள் கால் வைக்கிற எவரையும் முதலில் கள்ளன் என்றே எடுத்துக்கொள்வேன். பிறகு அவர் தன்னை நல்லவரென்று காட்டிக்கொள்ளட்டும். "நீங்கள் கண்ணாடியிலை உங்கடை முகத்தைப் பாத்தாலும் ரண்டு சாட்சி கேப்பியள்" என்று என் மனைவி சொல்வாள். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் எழுதிய உறுதி எதையும் எந்தக் கோட்டிலும் எந்த நீதிபதியும் தள்ளியதில்லை.

சுன்னாகம் சந்தைக்குக் கிட்ட எங்கள் வீடு. முன்னறைதான் கந்தோர். பக்கத்துக் கொட்டிலில் என் கார் நின்றது. மலாயாவிலிருந்து பென்சன் எடுத்து வந்த ஒருவரிடம் வாங்கிய பழைய இங்கிலீஷ் கார். மூக்கில் கம்பி கொடுத்துச் சுழற்றினால்தான் உயிர் வரும். யுத்தம் நடந்த காலம் அது. பெற்றோல் கூப்பனுக்குத்தான். முக்கால்வாசிப் பேர் தங்கள் கார்களைக் கல்லில் ஏற்றிச் சாக்குப் போட்டு மூடிவிட்டார்கள். படுக்கையில் கிடப்பவர்களிடம் போய் மரணசாசனம் எழுத வேண்டுமென்று விண்ணப்பம் போட்டு நான் கூப்பன் எடுத்து வைத்திருந்தேன். எஞ்சினுக்கு விடும் ஒயில் பெற்றோலைவிட அருமையாக இருந்தது.

ஒருநாள் காலை பார்த்தால் காரின் முன்பக்கத்துக்குக் கீழே மண் கறுத்துக் கிடந்தது. ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்தேன். முந்தின நாள் நின்ற இடத்தில் இல்லை. அடுத்த நாள் இன்னும் இறங்கியிருந்தது. எவனோ எடுக்கிறான், எடுக்கும்போது சிந்துகிறது என்று முடிவு கட்டினேன். பால் கொண்டு வருகிறவனின் செம்பை வாங்கி முகர்ந்து பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் கிணற்றுத் துலா எத்தனையோ வருடமாகக் கத்திக்கொண்டிருந்தது. அந்தக் கிழமை பார்த்து அது வாயை மூடியிருந்தது. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? வேலியோடு நின்று, "துலாவுக்கு என்ன பூசினியள்?" என்று கேட்டேன். "நல்லெண்ணெய்தான், ஏன் கேக்கிறியள்?" என்றார். நான் நம்பவில்லை.

கடைசியில் சந்தியில் கராச் வைத்திருந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். குருநகரில் இருந்து வந்து ஒரு வருடம்தான் இருக்கும், கத்தோலிக்கக் குடும்பம். என் காரில் முன்பும் இரண்டொரு தரம் கை வைத்தவன். ஒரு சாக்கை விரித்துக் காருக்குக் கீழே போனான். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"ஐயா, முன் சீல் உடைஞ்சு போச்சு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. சீல் உடைந்தது என்றால் என் தொழிலில் ஒரே ஒரு அர்த்தம்தான். அரக்கு வைத்து முத்திரை பதித்த பத்திரக் கட்டை யாரோ திறந்துவிட்டான்.

"ஆர் உடைச்சது?" என்றேன்.

"ஒருத்தரும் உடைக்கேல்லை ஐயா. தன்பாட்டிலை போனது."

"தன்பாட்டிலை உடைய அதென்ன கோழி முட்டையோ? என்னைப் பேயன் எண்டு நினைச்சியோ? சீல் உடைஞ்சால் உடைச்சவன் ஒருத்தன் இருப்பான். பேரைச் சொல்லு!"

அவன் என்னை ஒருமாதிரிப் பார்த்தான். பிறகு நிலத்தில் விரலால் கீறிக் காட்டினான். எஞ்சினுக்குள் சுற்றுகிற தண்டு முன்பக்கத்தால் வெளியே வருகிறதாம். அந்த இடத்தில் கம்பளி வளையம் ஒன்று தண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒயிலை வெளியே விடாதாம். அதற்குத்தான் சீல் என்று பெயராம். அது காய்ந்து தேய்ந்து போய்விட்டதாம். விறாந்தையில் நின்ற என் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அவள் சிரித்தது எனக்குக் கேட்டது.

ஒருவன் என்னை வெட்கப்படுத்தினால் அவன்மேல் என் சந்தேகம் இரட்டிப்பாகும். அது என் சுபாவம். போதாக்குறைக்கு, வேலைக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது அவன் கூலியைப் பேசவில்லை.

"ஐயா, பலாலியிலை பட்டாளத்துக்காரற்றை மோட்டார்ப் பட்டறைக்கு ஆள் எடுக்கினம். நல்லவன் எண்டு ஒரு கடிதம் வேணுமாம். பங்குச் சுவாமி தந்தவர். அது காணாது, நொத்தாரிசு சீல் வைச்ச கடிதம் கொண்டா எண்டு சொல்லிப்போட்டினம். இஞ்சை எனக்கு ஐயாவை விட்டால் ஆரைத் தெரியும்? றோட்டிலை கார் இல்லை, கராச்சிலை வேலையில்லாமல் இலையான்தான் ஓட்டுறன். நாலு பிள்ளையள் ஐயா. வாற கிழமை புதன் நாலு மணியோடை ஆள் எடுக்கிறது முடியுது."

கூலி வேண்டாம், சீல் வேண்டும் என்கிறான். எனக்கு மூக்கு வியர்த்தது. கதை நல்ல கதைதான், ஆனால் அளவுக்கு மிஞ்சி நல்ல கதை. ஒருவேளை இந்தக் கடிதத்துக்காகவே முன்பு கை வைத்தபோது அந்த வளையத்தைக் கெடுத்துவிட்டுப் போனானோ?

"முதலிலை வேலையைச் செய். ரண்டு நாள் ஒயில் ஒழுகாமல் இருந்தால் பாப்பம்" என்றேன்.

அடுத்த நாள் காலை வந்தான். நான் கதிரையைக் கொட்டில் வாசலில் போட்டுக் கண்கொத்திப் பாம்பாக இருந்தேன். தண்ணீரை வடித்தான். றேடியேற்றரைக் கழற்றித் தூக்கி வேலியோடு சாய்த்தான். கம்பி கொடுக்கும் பல்லுள்ள பெரிய நட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி இளக்கினான். பிறகு கப்பி, அதன் பின்னால் தகட்டு மூடி. கழன்ற நட்டுகளை ஒரு சிரட்டைக்குள் போட்டான். ஒவ்வொன்றும் விழும்போது நான் எண்ணினேன். மூடியின் துவாரத்தைச் சுற்றி இருந்த பழைய வளையத்தை ஆணியால் கிண்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். வறுத்த தோல்போல விறைத்துக் கிடந்தது. அதைத் துண்டுத் தாளில் சுற்றி, திகதி எழுதி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.

"புது வளையம் எங்கை?" என்றேன்.

"கொழும்பிலையும் இப்ப இல்லை ஐயா. ஐயாட்டைப் பழைய கம்பளித் தொப்பி ஒண்டு இருக்குமோ?"

இருந்தது. சோதனை பாசான வருடம் கொழும்பில் வாங்கியது. என் தொப்பியில் இவனுக்கு என்ன கண் என்று யோசித்தேன். என் மனைவி அதற்குள் எடுத்து வந்து கொடுத்துவிட்டாள். என் கண் முன்னாலேயே அதன் விளிம்பில் மூன்று வளையம் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகத் தைத்து, ஒயிலில் ஊறப் போட்டான். தகட்டு மூடிக்கும் எஞ்சினுக்கும் இடையில் வைக்கத் தடித்த தாள் கேட்டான். உறுதி எழுதும் தாள் கொடுத்தேன், இரண்டு பக்கமும் வெறுமையா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகு.

மறுநாள் எல்லாவற்றையும் பூட்டினான். நட்டுகளை நான் மறுபடி எண்ணிக் கொடுத்தேன். எஞ்சினின் மேல் வாயால் ஒயில் விட்டு, மூடியைத் திருகும்போது அந்த மூடியைத் தட்டிக் காட்டி ஏதோ சொன்னான். நான் அப்போது பதினொன்றா பன்னிரண்டா என்று சிரட்டையைப் பார்த்துக் குழம்பிக்கொண்டிருந்தேன். காதில் விழவில்லை.

போகும்போது சொன்னான்: "ஓடிப் பாருங்கோ ஐயா. பேந்து நான் வந்து ஒருக்கால் திறந்து பாக்கிறன்."

திறந்து! அந்தச் சொல் எனக்குள் முள்ளாகத் தைத்தது. ஒழுங்காக வேலை செய்தவன் எதற்குத் திறக்க வேண்டும்? திறந்து எதை எடுப்பான்? எதைப் போடுவான்? அரை மணித்தியாலம் விறாந்தையில் நடந்தேன். பிறகு என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. கோட்டுக்கு அனுப்பும் பத்திரக் கட்டுக்கு என்ன செய்வோமோ அதையே செய்தேன். சிவப்பு நாடாவை எடுத்து, ஒயில் விடும் வாயின் மூடியைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்கும் கட்டினேன். லாச்சியில் இருந்தது கடைசி அரக்குக் குச்சி. யுத்தத்தில் அதுவும் தட்டுப்பாடு. பரவாயில்லை என்று முழுவதையும் உருக்கி, மூடியின் விளிம்பிலும் உச்சியிலும் தாராளமாக ஊற்றி, என் கந்தோர் முத்திரையை அழுத்தினேன். இனி எவன் திறந்தாலும் கையும் களவுமாகப் பிடிபடுவான். அன்று எனக்கு நல்ல பசி. இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை ஒரு மரணசாசனத்துக்காகக் காங்கேசன்துறைக்குப் போய் வந்தேன். காரை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். ஒயில் ஒழுகுகிறது. முன்பு சொட்டினது, இப்போது கோடாக ஓடுகிறது! ஓடிப்போய் முத்திரையைப் பார்த்தேன். அரக்கு சூட்டில் கொஞ்சம் இளகியிருந்தது, ஆனால் என் முத்திரை உடையாமல் இருந்தது. ஆகவே வெளியார் எவரும் திறக்கவில்லை. ஆகவே குற்றம் வேலை செய்தவனுடையது. தர்க்கத்தில் ஒரு ஓட்டை கிடையாது. என் தொப்பியையும் வெட்டி என்னையும் ஏமாற்றிவிட்டான் என்று கொதித்தேன்.

வெள்ளிக்கிழமை அவன் கடிதத்துக்கு வந்தான். வாசற் படலையைத் திறக்க விடவில்லை.

"முதலிருந்ததைவிட மோசமா ஒழுகுது. உனக்குக் கடிதமோ? நல்லவன் எண்டோ?"

அவன் முகம் விழுந்துபோனது. "ஒழுகேலாது ஐயா. நான் வடிவாப் போட்டனான். ஒருக்கால் திறந்து பாக்க விடுங்கோ."

"திறக்கத்தானே நீ நிக்கிறாய்! காரிலை கை வைச்சால் பொலிசுக்கு எழுதுவன்."

சனிக்கிழமை வந்தான். திங்களும் வந்தான். ஒவ்வொரு நாளும் படலைக்கு வெளியே அரை மணித்தியாலம் நிற்பான். செவ்வாய்க்கிழமை வந்தபோது, "நாளைக்குப் புதன் ஐயா" என்று மட்டும் சொன்னான். நான் உள்ளே போய் யன்னலைச் சாத்தினேன். என் மனைவி யன்னலைத் திரும்பத் திறந்துவிட்டாள். இரவுச் சாப்பாட்டை வைத்துவிட்டு, "அந்த மனிசன் கடிதம் கேக்கேல்லை இப்ப. தன்ரை வேலையைப் பாக்கத்தானே கேக்குது. அதுக்குமோ பயம் உங்களுக்கு?" என்றாள். பயமா? எனக்கா? சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தேன்.

புதன்கிழமை ஒரு காணியின் எல்லை பார்க்க நடந்தே போய், வெயிலில் வெந்து திரும்பினேன். இரண்டு மணிக்குக் கிணற்றடியில் நின்று குளித்துக்கொண்டிருந்தபோது கொட்டிலில் காரின் பொனற் திறக்கும் சத்தம் கேட்டது. துவாயைக் கட்டிக்கொண்டு ஈரத்தோடு ஓடினேன். என் மனைவி காருக்குப் பக்கத்தில் நின்றாள். அவள்தான் படலையைத் திறந்து விட்டிருக்கிறாள். அவன் எதையும் தொடவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து அந்த மூடியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஐயா, உதென்ன?"

"என்ரை சீல். ஆரும் திறக்காமல் இருக்க வைச்சது."

அவன் சத்தம் போடாமல் சொன்னான்: "நான் சீல் கேட்டு வந்து இண்டைக்குப் பத்து நாளாகுது. எனக்குத் தராத சீலை எஞ்சினுக்குக் குடுத்திருக்கிறியள்."

எனக்கு விளங்கவில்லை. அவனே சொன்னான். எஞ்சின் ஓடும்போது உள்ளே காற்று அமத்துமாம். அந்தக் காற்று வெளியே போக அந்த மூடியில்தான் சின்னச் சின்ன ஓட்டைகள் வைத்திருக்கிறதாம்.

"மூக்கையும் வாயையும் சேத்துப் பொத்திப்போட்டியள் ஐயா. காத்துக்கு வேறை வழியில்லை. ஒயிலையும் தள்ளிக்கொண்டு முன் சீலாலை வந்திட்டுது."

"உதை நீ முதலே சொல்லியிருக்க வேணும்!" என்று கத்தினேன்.

"அண்டைக்கே சொன்னனான் ஐயா, மூடியைத் தட்டிக் காட்டி. நீங்கள் நட்டு எண்ணிக்கொண்டு நிண்டியள்."

என் மனைவி இந்தத் தரம் சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். தலையில் இருந்து தண்ணீர் வடிய, துவாயோடு, அந்த மனிதருக்கு முன்னால் நின்றேன். அத்தனை நாளும் படலைக்கு வெளியே அவரை நிறுத்திவைத்திருந்தேன். வெட்கமென்றால் அப்படியொரு வெட்கம்.

"நேரம் என்ன?" என்றேன்.

"ரண்டேகால்" என்றாள் என் மனைவி.

"நீர் மூடியைத் துப்புரவாக்கி ஒயில் விடும். நான் கடிதம் எழுதுறன்." அவரை நான் நீர் என்று சொன்னது அதுதான் முதல் தரம். அவர் அதைக் கவனித்தாரோ தெரியாது. என் மனைவி கவனித்தாள்.

வேட்டியை உடுத்திக்கொண்டு இங்கிலீஷில் கடிதத்தை எழுதினேன். ஒரு வருடமாகத் தெரியும், தொழிலில் கெட்டிக்காரர், எனக்குத் தெரிந்த அளவில் நேர்மையானவர். கையெழுத்துப் போட்டு லாச்சியைத் திறந்த பிறகுதான் தலையில் கை வைத்தேன். அரக்கு இல்லை. இருந்த கடைசிக் குச்சியும் எஞ்சின் மூடியில் இருந்தது. வேறு வழி? அவர் சுரண்டி எடுத்த துண்டுகளை வாங்கி, மெழுகுதிரியில் பிடித்து உருக்கினேன். கரும்புகை வந்தது. கந்தோர் முழுக்க ஒயில் மணம். கடிதத்தில் ஊற்றி முத்திரையை அழுத்தினேன். சிவப்புமில்லாமல் கறுப்புமில்லாமல் ஒரு நிறத்தில், விளிம்பெல்லாம் ஒயில் ஊறி, என் சீல் பதிந்தது.

புன்னாலைக்கட்டுவன் றோட்டால் காரை விட்டேன். பக்கத்தில் அவர் கடிதத்தை விரல் நுனியால் பிடித்துக்கொண்டு இருந்தார். பலாலியில் இறங்கியபோது மூன்றரை தாண்டியிருந்தது. பழக்கதோஷத்தில் காருக்குக் கீழே குனிந்து பார்த்தேன். நிலம் காய்ந்தே இருந்தது.

ஆள் எடுக்கும் கொட்டகையில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் வெள்ளைக்காரர் இல்லை, எங்கள் தமிழ் மனிதர்தான், ஆனால் எனக்கு முன்பின் தெரியாத ஒரு பெரிய கிளாக்கர். வரிசை குறைந்து எங்கள் முறை வந்தது. கடிதத்தை வாங்கி வாசித்தார். சீலைப் பார்த்தார். தாளை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு மெக்கானிக்கின் கைகளைப் பார்த்தார்; நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

"இதென்ன, சீல் ஒயில் மணக்குது? இது நொத்தாரிசு வைச்ச சீலோ, உவர் எங்கையோ எடுத்து வைச்ச சீலோ?"

"நான்தான் நொத்தாரிசு. நான்தான் வைச்சனான்" என்றேன்.

"நீங்கள்தான் நொத்தாரிசு எண்டதுக்கு என்ன அத்தாட்சி?"

எனக்கு இரத்தம் தலைக்கேறியது. என்னைப் பார்த்தா? நான் எழுதிய உறுதிகளை அடுக்கினால் இந்தக் கொட்டகை நிரம்பும்! வாயைத் திறந்துவிட்டேன். ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நல்ல பழக்கமான பார்வை. மேசைக்கு அந்தப் பக்கமிருந்து நான் ஊரைப் பார்க்கிற பார்வை. வாயை மூடிக்கொண்டேன். பிறகு நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். சீலை உடைத்தது யார் என்று கேட்டதையும், நாடா கட்டி அரக்கு ஊற்றியதையும், மெக்கானிக்கைப் படலைக்கு வெளியே நிறுத்தியதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெரிய கிளாக்கர் சிரிக்கவில்லை.

"ஒரு நொத்தாரிசு எஞ்சினுக்குச் சீல் வைச்சாராம்! ஆரப்பா உதை நம்புவான்?" என்றவர், மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார். "நீர் சொல்லும். இந்த ஐயாவை உமக்கு எவ்வளவு காலமாத் தெரியும்? நம்பக்கூடிய ஆளோ?"

மெக்கானிக் தரையைப் பார்த்தார். அவர் என்ன சொன்னாலும் அது எனக்குத் தகும். மணி நாலாக ஐந்து நிமிடம் இருந்தது.

"ஓம் ஐயா" என்றார். "ஒரு வரியமாத் தெரியும். கொஞ்சம் சந்தேகம் கூட. ஆனால் நேர்மையான மனிசன். நம்பலாம்."

பெரிய கிளாக்கர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனையை எடுத்து மெக்கானிக்கின் பெயரைப் பதிந்தார்.

கடிதத்தைக் கோப்புக்குள் வைக்கப்போன கையை நான் மறித்தேன். "ஒருக்கால் தாருங்கோ" என்று திரும்ப வாங்கி, அந்த மேசையிலேயே வைத்து, 'எனக்குத் தெரிந்த அளவில் நேர்மையானவர்' என்று நான் எழுதியிருந்ததில் 'நேர்மையானவர்' என்பதை மட்டும் விட்டு மற்றதைக் கோடு போட்டு வெட்டினேன். நொத்தாரிசு வழக்கப்படி வெட்டின இடத்துக்கு நேரே ஓரத்தில் என் சுருக்கொப்பத்தையும் வைத்துக் கொடுத்தேன். பெரிய கிளாக்கர் அந்த வெட்டலை வெளிச்சத்தில் பிடித்துச் சந்தேகத்தோடு பார்த்தார்.